ஒரு சீட்டு, ஒரு தேதி: பெங்களூரின் சகால சேவை பற்றி என் மதிப்புரை

முப்பத்தொரு ஆண்டுகள் தபால் நிலையக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகளாகின்றன. இப்போது கவுண்டருக்கு முன்னால் நிற்கிறேன், பெரும்பாலும் பிறருக்காக. அல்சூர் ஏரியை ஒட்டி, தமிழ்ச் சங்கத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. இந்தத் தெருவில் எல்லோரும் கன்னடம் சரளமாகப் பேசுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. எனக்குப் படிக்கவும் எழுதவும் வரும் என்பதால் விண்ணப்பப் படிவம் எது கையில் கிடைத்தாலும் "போஸ்ட் ஆபீஸ் அம்மாவிடம் கொண்டுபோ" என்பது இங்கே வழக்கமாகிவிட்டது.

சென்ற பதினான்கு மாதங்களில் இப்படி ஒன்பது விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்து, அவற்றின் பின்னாலேயே நடந்தேன். எல்லாமே கர்நாடகத்தின் "சகால" சட்டத்தின் கீழ் வரும் சேவைகள். பெரும்பாலானவற்றைப் பெங்களூர் ஒன் என்ற அரசு சேவை மையத்தின் வழியாகவே கொடுத்தோம். உணவகத்துக்கும் கைப்பேசிக்கும் மதிப்புரை எழுதுகிறோம். ஒரு குடும்பத்தின் படிப்பும் பென்ஷனும் வீடும் தொங்கிக்கொண்டிருக்கும் சேவைக்கு ஏன் எழுதக் கூடாது என்று தோன்றியது. இதே ஊரில் இருக்கும் தமிழர்களுக்கு இது உடனே பயன்படும். தமிழ்நாட்டில் இ-சேவை மையத்துக்குப் போய்வருபவர்களும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில், இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கன்னடத்தில் "சகால" என்றால் உரிய காலம். 2011-இல் கர்நாடகச் சட்டமன்றம் குடிமக்களுக்கான சேவை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2012 ஏப்ரல் 2 அன்று, 11 துறைகளின் 151 சேவைகளோடு மாநிலம் முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு சேவைகள் பல நூறாகக் கூடின. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கெடு உண்டு. நீங்கள் விண்ணப்பத்தைக் கொடுத்ததும் 15 இலக்க எண் ஒன்றையும், எந்தத் தேதிக்குள் வேலை முடியும் என்பதையும் அச்சிட்ட ஒப்புகைச் சீட்டைத் தர வேண்டும். கெடு தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். தாமதத்துக்குக் காரணமான அலுவலரின் கையிலிருந்தே அந்தப் பணம் வர வேண்டும்.

மத்தியப் பிரதேசம் 2010-லேயே இப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து நாட்டுக்கு வழிகாட்டியது. நாடு முழுமைக்குமான மசோதா ஒன்று 2011 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, நிறைவேறாமலேயே 2014-இல் காலாவதியானது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. தபால் நிலையத்தில் வேலை செய்தவர்களுக்கு ரசீது என்பது வெறும் தாள் அன்று. பதிவுத் தபாலுக்கு நாங்கள் முத்திரை குத்திக் கொடுத்த அந்தச் சிறு தாளைக் கிராமத்து மனிதர்கள் எப்படி மடித்து வைத்துக்கொள்வார்கள் என்று பார்த்திருக்கிறேன். அது கைக்கு வந்த நொடியிலிருந்து, "ஐயா, கொஞ்சம் பாருங்கள்" என்று கெஞ்சியவர் "என் கடிதம் எங்கே?" என்று கேட்கத் தொடங்குவார். கேட்கும் குரலே மாறிவிடும். பதிவுத் தபாலை 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். அந்தப் பெயர் போனதில் எனக்குத் துக்கம் உண்டு. ஆனால் அதன் உயிர் அந்த ரசீதில் இருந்தது. சகால சட்டத்தை எழுதியவர்கள் அந்த ரசீதைத் தாசில்தார் அலுவலகத்துக்கும் கொண்டுவந்தார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

பெங்களூரில் வளர்ந்தவர்களுக்கு "நாளெ பா" நினைவிருக்கும். 1990-களில் இங்கே பல வீட்டுக் கதவுகளில் சுண்ணாம்பாலும் சாக்குக் கட்டியாலும் இந்த இரண்டு சொற்களை எழுதி வைத்திருந்தார்கள். இரவில் ஒரு பெண் பேய் வந்து, தெரிந்தவர்களின் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டும். "நாளை வா" என்று எழுதியிருந்தால் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மறுநாளும் வந்து அதையே படித்துவிட்டுப் போகும் என்பது கதை. என் மகன் அப்போது சின்னப் பையன், எழுதச் சொல்லி அழுதான், எழுதினேன். அரசு அலுவலகங்களில் அதே சொல்லை ஒரு மரியாதை விகுதி சேர்த்து மனிதர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "நாளெ பன்னி." சகால தொடங்கியபோது அதற்கு வைத்த கன்னட முழக்கம், "இந்து நாளெ இன்னில்ல, ஹேளித தின தப்பொல்ல." இன்று, நாளை என்பது இனி இல்லை, சொன்ன நாள் தப்பாது என்று பொருள். அந்த வரியை முதன்முதலில் சுவரில் படித்தபோது, இந்த ஊரை நன்றாக அறிந்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இனி பூக்கார அக்காவின் விஷயம். ஒன்பது விண்ணப்பங்களில் எனக்கு மிக நெருக்கமானது இது.

சோமேசுவரர் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறார். சொந்த ஊர் திருப்பத்தூர்ப் பக்கம். வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மகள் இல்லை, பேத்தி மட்டும் இருக்கிறாள். பி.யு.சி. (தமிழ்நாட்டில் பிளஸ் டூ) படிக்கும் அந்தப் பெண்ணுக்குக் கல்வி உதவித்தொகை வாங்க வருமானச் சான்றிதழ் வேண்டும். அக்கா தானாகவே ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை போய்வந்திருக்கிறார். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. முதல் நாள், "சாஹேப்ரு மீட்டிங்கல்லி இத்தாரெ", அதாவது அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார். இரண்டாம் நாள், ரேஷன் கார்டில் முகவரி சரியில்லை. மூன்றாம் நாள், "காகிதங்களை வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்." நான்காம் நாள் போனபோது அந்தக் காகிதங்களே அங்கே இல்லை. வாசலில் நின்ற ஒருவர் 1,500 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்கா என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான். நான் கேட்ட முதல் கேள்வி, "சீட்டு கொடுத்தார்களா?" "என்ன சீட்டு?" என்றார்.

அந்த நான்கு பயணங்களின் விலையை அக்கா என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டினார். விடியற்காலை நான்கு மணிக்குக் கே.ஆர். மார்க்கெட்டில் மல்லிகை வாங்குகிறார். காலை பூசைக்கு முன் விற்றால்தான் விலை. அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு அங்கே போய் நின்றால் அன்றைய பூவில் பாதி வாடிவிடும். ஒரு நடைக்கு நானூறு, ஐந்நூறு ரூபாய் போகிறது. நான்கு நடைக்கு எவ்வளவு என்று பாருங்கள். சட்டத்தில் எழுதியிருக்கும் 20 ரூபாயையும் இதோடு வைத்துப் பாருங்கள். நாள் கூலியோடு தொடர்பே இல்லாத தொகை அது. அலுவலருக்குச் சுடவும் சுடாது, விண்ணப்பதாரரின் இழப்பை ஈடுகட்டவும் கட்டாது. அபராதத்தின் நோக்கம் பணமன்று, அலுவலரின் பெயரில் ஒரு தவறு பதிவாவதுதான் என்று சொல்வார்கள். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் பூக்கார அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அடுத்த நாள் மதியம், பூ விற்று முடித்த பிறகு, இருவரும் பெங்களூர் ஒன் மையத்துக்கு நடந்தே போனோம். 2005-இல் தொடங்கிய இந்த மையங்கள், மின் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் சொத்து வரியும் ஒரே கூரையின் கீழ் கட்டுவதற்காக வந்தவை. கவுண்டரில் இருப்பவர்கள் தனியார் நிறுவன ஊழியர்கள். அந்த இளைஞர் ஆதாரையும் ரேஷன் கார்டையும் வாங்கிப் பார்த்தார், கணினியில் ஏற்றினார், முகவரியில் இருந்த ஒரு எழுத்துப் பிழையைத் தானாகவே சுட்டிக்காட்டித் திருத்தினார். ஐம்பது ரூபாய்க்குள் கட்டணம். பத்து நிமிடத்தில் சீட்டு அச்சாகி வந்தது. எண்ணும் இருந்தது, தேதியும் இருந்தது. அக்கா அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, பூ நார் சுற்றிவைக்கும் துணிப்பையின் உள்ளறையில் வைத்தார்.

எட்டாம் நாள், கிராமக் கணக்கர் வந்தார். மாநகரத்தின் நடுவிலும் "கிராம" என்றே தொடங்கும் பதவி அது. இப்போது கிராம நிர்வாக அதிகாரி என்று பெயரை மாற்றிவிட்டார்கள், என் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. முப்பது வயதுகூட ஆகாத பெண், ஸ்கூட்டரில் வந்தார். கோயில் படியிலேயே உட்கார்ந்து விசாரித்தார். ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டதும் அக்கா திகைத்துப்போனார். அவருக்கு ஆண்டுக் கணக்கு தெரியாது. முழக் கணக்குதான் தெரியும். அந்தப் பெண் பொறுமையாக, ஒரு நாளைக்கு எத்தனை முழம், முழம் என்ன விலை, மார்கழியில் எவ்வளவு, மழைக்காலத்தில் எவ்வளவு, பூ வாங்க எவ்வளவு செலவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தன் கைப்பேசியில் கூட்டிக் கழித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அரசாங்கம் ஒரு மனிதரை உண்மையாகப் பார்க்கும் நேரம் அப்படித்தான் இருக்கும் என்று பட்டது. தண்ணீர் கொடுத்தபோது, "மூன்று பேர் பார்க்க வேண்டிய வட்டத்தை நான் ஒருத்தி பார்க்கிறேன், அம்மா" என்று மட்டும் கன்னடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சான்றிதழ் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே வந்தது. பேத்தியின் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியை அவளே கன்னடத்தில் பாட்டிக்குப் படித்துக் காட்டினாள். தரகருக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

ஆக, சேவை நன்றாக நடந்தது. ஆனால் அதே சான்றிதழுக்கு, அதே காகிதங்களோடு, அதே மூதாட்டி நான்கு முறை அலைந்திருக்கிறார். அந்த நான்கு நடையும் எந்தக் கணக்கிலும் இல்லை. சீட்டு கொடுக்கவில்லை, ஆகவே கெடுவும் தொடங்கவில்லை. "கெடுவுக்குள் முடித்துவைத்த விண்ணப்பங்கள்" என்று துறைகள் காட்டும் கணக்கில் அவருடைய முதல் மாதம் நடக்கவே இல்லை. சகால சட்டத்தின் மிகப் பலவீனமான இடம் இதுதான். கடிகாரம் கவுண்டரின் அந்தப் பக்கம் இருக்கிறது, அதை ஓடவிடுவதா வேண்டாமா என்பதும் அந்தப் பக்கத்தின் கையில் இருக்கிறது. பெங்களூர் ஒன், இணையதளம் போன்ற வழிகளின் உண்மையான பயன் வேகம் அன்று. அந்தக் கடிகாரத்தை ஓடவிடும் கை மாறிவிடுகிறது. விண்ணப்பத்தை வாங்குபவர் ஒருவர், முடிவு செய்பவர் இன்னொருவர் என்றாகிவிடுகிறது.

கடவுச்சீட்டு சேவையிலும் இதே பிரிவினை இருக்கிறது. 2010-இல் வெள்ளோட்டமாகத் தொடங்கிய இடங்களில் பெங்களூரும் ஒன்று. முதல் கவுண்டரில் ஆவணங்களை ஏற்றி, படமெடுத்து, கைரேகை வாங்குபவர்கள் டாடா கன்சல்டன்சி ஊழியர்கள். அடுத்த இரண்டு கவுண்டர்களில் சரிபார்ப்பவரும் அனுமதி தருபவரும் அரசு அலுவலர்கள். முடிவெடுக்கும் அதிகாரம் அரசிடமே இருக்கிறது, வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலை மட்டும் வெளியே போயிருக்கிறது. லால்பாக் சாலை மையத்தில் நான் என் கடவுச்சீட்டைப் புதுப்பித்தபோது, உள்ளே போய் வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. என் தந்தை தன் முதல் கடவுச்சீட்டுக்கு எத்தனை மாதம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி, அப்பா இறந்த பிறகு வீட்டின் காத்தாவைத் தன் பெயருக்கும் தங்கையின் பெயருக்கும் மாற்றக் கேட்டார். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: சொத்து வரிக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்பதைச் சொல்வது காத்தா. இறப்புச் சான்று, வாரிசுகளைக் காட்டும் வம்சவிருட்சம், கிரயப் பத்திரம், வரி ரசீது என எல்லாவற்றையும் நானே வரிசைப்படுத்திக் கொடுத்தேன். சீட்டும் கிடைத்தது. கெடுவின் கடைசி நாள் மாலையில் நிராகரிப்பு வந்தது. காரணம்: "ஆவணங்கள் முழுமையாக இல்லை." எந்த ஆவணம் என்று ஒரு சொல் இல்லை. மறுபடி கொடுத்தோம். புது எண், புதுக் கெடு. மறுபடி கடைசி வாரத்தில் அதே வரி.

அந்தத் தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறார். ஒவ்வொரு நாளும் ஒரு வருமானம். "அக்கா, சட்டப்படி பார்த்தால் இரண்டு முறையும் நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள், இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம், அப்படித்தான் கணக்காகும். நிராகரிப்பும் ஒரு முடிவுதான். என்ன குறை என்று சொல்லாத நிராகரிப்பைச் செல்லாது என்று ஆக்க வேண்டும், குறை இருந்தால் முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டும் என்று விதி இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் செய்ய என்னிடம் கேட்டால், நான் கேட்பது அதைத்தான்.

ஏன் ஒன்று இவ்வளவு சுலபமாக முடிந்து, இன்னொன்று இப்படி இழுக்கிறது? இதை யோசிக்கும்போது பூமி திட்டம் நினைவுக்கு வருகிறது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ராஜீவ் சாவ்லா என்ற இ.ஆ.ப. அதிகாரியின் தலைமையில், கர்நாடகத்தின் ஏறக்குறைய 2 கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றினார்கள். அதுவரை ஏறக்குறைய 9,000 கிராமக் கணக்கர்களின் கையெழுத்துப் புத்தகங்களில் இருந்தவை அவை. அதன் பிறகு எந்த விவசாயியும் தாலுகா கவுண்டரில் 15 ரூபாய் கொடுத்துத் தன் நிலத்தின் நகலை வாங்க முடிந்தது. உலகம் முழுவதும் அதைப் பாராட்டியது, அந்தப் பாராட்டு நியாயமானது. ஆனால் இருப்பதைப் பார்த்து நகல் கொடுப்பது ஒரு வேலை. இருப்பதை மாற்றி எழுதுவது வேறொரு வேலை. மாற்றி எழுதும்போது சொத்து கைமாறுகிறது, உறவுகளுக்குள் சண்டை வருகிறது, கையெழுத்துப் போட்டவர் நாளை நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும். அங்கே அலுவலருக்குப் பயமும் உண்டு, பேராசைக்கு இடமும் உண்டு. நகல் கொடுப்பதைச் சீர்திருத்தியது போலவே இதையும் ஒரு மென்பொருளால் சீர்திருத்திவிடலாம் என்று நம்பினால் ஏமாற்றம்தான். இங்கே தெளிவான விதியும், கையெழுத்துப் போடும் நேர்மையான அலுவலருக்குப் பாதுகாப்பும், காரணம் எழுதாதவருக்குத் தண்டனையும் வேண்டும்.

இப்படிக் குடிமக்களே அரசு சேவைக்கு மதிப்பெண் போடுவது பெங்களூருக்குப் புதிதன்று. அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த சாமுவேல் பால், 1994-இல் இங்கே பொது விவகார மையத்தைத் தொடங்கினார். மாநகராட்சி, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி என ஒவ்வொன்றுக்கும் மக்களிடம் கேட்டு மதிப்பெண் பட்டியல் வெளியிட்டார். பள்ளிக் குழந்தையின் முன்னேற்ற அட்டை போலவே அதற்குப் பெயரும் வைத்தார். முதல் முறை வந்த மதிப்பெண்கள் மிகவும் தாழ்ந்திருந்தன. 1999-லும் 2003-லும் மறுபடி எடுத்தபோது பல துறைகளில் நிலைமை மேம்பட்டிருந்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை, எண்கள் செய்தித்தாளில் வந்தன, அவ்வளவுதான். மேலே இருந்தவர்கள் வெட்கப்பட்டார்கள், சிலர் வேலை செய்தார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றியும் நான் பேச வேண்டும், ஏனென்றால் நானும் அங்கே இருந்தவள்.

1990-களின் நடுவில் ஒரு நாள். பெரியவர் ஒருவர் மகன் அனுப்பிய மணியார்டரைப் பற்றிக் கேட்க வந்தார். கணக்கை மூடும் நேரம். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நாளைக்கு வாருங்கள்" என்றேன். மறுநாளும் கூட்டம், மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவர் வரவில்லை, மகள் வந்தாள். "அப்பாவால் இன்று நடக்க முடியவில்லை" என்றாள். அன்று மாலை வேலை முடிந்து, தபால்காரரோடு அவர் வீட்டுக்கே நான் போனேன். மர்பி டவுனில் ஒரு ஒற்றை அறை. அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலி இல்லாததால் தன் கட்டிலில் உட்காரச் சொன்னார். அதன் பிறகு என் கவுண்டரில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை. என்னை மாற்றியது சட்டம் அன்று, ஒரு மனிதரின் வீட்டைப் பார்த்தது.

நான் கெட்டவளாக இருந்து அதைச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் அறுபது பேர் நின்றார்கள். அதனால்தான், அந்தக் கிராமக் கணக்கர் பெண் சொன்ன ஒரு வரி எனக்குள் தைத்தது. மூன்று பேர் வட்டத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கெடு தவறினால் அவருடைய கைப்பணத்திலிருந்து அபராதம் வாங்குவது நியாயமா? கெடு தவறாமல் இருக்க அவர் முன்னால் இருக்கும் சுலபமான வழி என்ன? விண்ணப்பத்தை வாங்காமல் தள்ளுவது அல்லது கடைசி நாளில் நிராகரிப்பது. மேலே நான் குறை சொன்ன இரண்டும் இங்கேதான் பிறக்கின்றன. காலியாகக் கிடக்கும் நாற்காலிகளை நிரப்பாமல் கெடுவை மட்டும் இறுக்கினால், அந்த இறுக்கம் பூக்கார அக்காவின் கழுத்தில் போய் விழும்.

பேருந்தில் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவைக் கடக்கும்போதெல்லாம் அதன் நெற்றியில் எழுதியிருக்கும் வரியைப் படிக்கிறேன்: அரசின் பணி ஆண்டவன் பணி. முதல்வராக இருந்து அதைக் கட்டிய கெங்கல் ஹனுமந்தையா, பின்னர் 1966-இல் அமைந்த முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்துக்கு, மொரார்ஜி தேசாய்க்குப் பிறகு, தலைவரானார். 2005-இல் அமைந்த இரண்டாவது ஆணையத்தின் தலைவர் வீரப்ப மொய்லி. அவரும் இந்த மாநிலத்தின் முன்னாள் முதல்வர். குடிமக்கள் சாசனத்தில் வாக்குறுதி எழுதினால் போதாது, தவறினால் என்ன பரிகாரம் என்பதையும் எழுத வேண்டும் என்று அந்த ஆணையம் 2009-இல் அறிக்கை கொடுத்தது. வாக்குறுதி மட்டும் எழுதிய பலகைகளைத் தபால் நிலையத்தில் நாங்களும் மாட்டியிருந்தோம். ஆகவே அந்தப் பரிந்துரையின் அருமை எனக்குப் புரிகிறது.

இனி போகப்போகிறவர்களுக்கு என் கைப்பட்ட அனுபவம். எண் இல்லாமல் எந்தக் காகிதத்தையும் எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். மூலப் பத்திரத்தை ஒருபோதும் விடாதீர்கள். கைப்பேசி எண்ணாக உங்களுடையதைக் கொடுங்கள், தரகருடையதை அன்று. தரகரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, சான்றிதழ் தயாரான செய்தியே தெரியாமல் இரண்டு மாதம் காத்திருந்த ஒரு குடும்பம் எங்கள் தெருவில் இருக்கிறது. பெயரின் எழுத்து ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தமிழ்ப் பெயர்களைக் கன்னடத்தில் எழுதும்போது ழகரம் படும் பாடு பெரும் பாடு. இன்ஷியல் விஷயத்திலும் பாதி விண்ணப்பங்கள் தடுக்கி விழுகின்றன. நிராகரித்தால் சோர்ந்து புதிதாகக் கொடுக்காதீர்கள். நாங்கள் செய்த தவறு அது. முதல் நிராகரிப்பிலேயே மேல்முறையீடு செய்யுங்கள். என்ன குறை என்று அலுவலகம் சொல்லாவிட்டால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கன்னடம் படிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள். இந்த ஊரில் எனக்கு யாரும் முகம் சுளித்ததில்லை. முடிந்தால் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்துகள் பழகப் பல மாதங்கள் ஆகாது.

என் மதிப்பெண்: பெங்களூர் ஒன் கவுண்டருக்கு ஐந்துக்கு நாலரை. சகால சட்டத்துக்கு ஐந்துக்கு மூன்று. ஒன்பது விண்ணப்பங்களில் ஆறு கெடுவுக்குள் நல்லபடி முடிந்தன, இரண்டு தாமதமாக முடிந்தன, காத்தா மட்டும் நிற்கிறது. தாமதமான இரண்டிலும் இழப்பீடு கேட்க யாரும் முன்வரவில்லை. மறுபடி அதே அலுவலரிடம்தானே போக வேண்டும் என்று பயப்பட்டார்கள். அந்தப் பயம் நியாயமானது. கேட்காமலேயே தொகை வங்கிக் கணக்கில் விழும்படி செய்திருந்தால் இன்னும் அரை மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

காத்தாவுக்கான மேல்முறையீடு வரும் வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு. தம்பி அன்று வண்டி எடுக்கவில்லை. நானும் உடன் போகிறேன். இரண்டு சீட்டுகளையும் இரண்டு நிராகரிப்புக் கடிதங்களையும் மும்மூன்று நகலாக எடுத்து, தேதி வரிசையில் அடுக்கி, பழைய மணியார்டர் படிவக் கோப்பு ஒன்றில் வைத்திருக்கிறேன். பூக்கார அக்கா நேற்று மாலை கோயில் வாசலில் பார்த்தபோது, தனக்கு மூத்தோர் பென்ஷனுக்கு எழுத வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை பூ விற்று முடித்ததும் வரச் சொல்லியிருக்கிறேன்.